டீக்கடைச் சுவரில் ஒரு பாட்டுக் கட்டம்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். காலையும் சாயங்காலமும் பழைய பாட்டுதான் ஓடும். 'அண்ணாச்சி, இந்த லிஸ்ட்டை எனக்கு அனுப்புங்க' என்று கேட்கிறார்கள், ஒவ்வொருத்தர் நம்பராக வாங்கி அனுப்ப நேரமில்லை. கியூஆர் கோடு ஒட்டினால் போதும் என்கிறான் மகன். செலவாகுமா?

பதில்: மகன் சொல்வது சரி. பிரிண்ட் எடுக்கிற காசு மட்டும்தான் செலவு. அந்தக் கட்டத்துக்குள் பாட்டு இல்லை, பாட்டு இருக்கிற இடத்தின் முகவரிதான் இருக்கிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. நீங்கள் போட்டு வைத்திருக்கும் பிளேலிஸ்ட்டில் நாளைக்குப் பத்துப் பாட்டைச் சேர்த்தாலும், நாலைத் தூக்கினாலும் அதன் லிங்க் மாறாது. அதனால் ஒருமுறை ஒட்டினால் போதும், ஆடிக்கும் மார்கழிக்கும் பாட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

டீக்கடைக்கு யூடியூப் லிஸ்ட்டே நல்லது என்பேன், கணக்கு இல்லாதவர் போனிலும் திறக்கும். ஸ்பாட்டிஃபையில் கணக்கு இல்லாமல் முழுப் பாட்டும் கேட்க முடியாது. லிஸ்ட் 'பிரைவேட்' என்று இருந்தால் உங்களுக்கு மட்டும் திறக்கும், மற்றவர்களுக்குத் திறக்காது. 'அன்லிஸ்டட்' அல்லது 'பப்ளிக்' என்று மாற்றுங்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான், ஏனென்றால் சொந்தப் போனில் சோதித்தால் நன்றாகத் திறந்துவிடும். பக்கத்துக் கடைக்காரர் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். அப்புறம், ஷேர் செய்யும்போது லிங்க்கின் கடைசியில் 'எஸ்ஐ' (si) என்ற எழுத்துகளோடு ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டிவிடலாம், லிஸ்ட்டுக்கு அது தேவையில்லை. முகவரி நீளநீளக் கட்டங்கள் கூடிப் பொடியாகும். மிகச் சிறிய கோட்டில் ஓர் ஓரத்துக்கு 21 கட்டம், மிகப் பெரியதில் 177. பொடிக் கட்டத்தை மங்கலான கேமராவால் பிடிக்க முடியாது.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: எவ்வளவு தூரத்தில் நின்று ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைப் பார்க்கிறார்கள் என்றால் 15 சென்டிமீட்டர். பாய்லர் பக்கம் ஒட்டவே ஒட்டாதீர்கள், ஆவி பட்டுத் தாள் சுருங்கும். லேமினேஷன் பளபளப்பாக இருந்தால் டியூப்லைட் வெளிச்சம் அடித்து கேமரா திணறும், மேட் தாள் கேளுங்கள். கோடு தயாரிக்கும்போது பிழை திருத்தும் அளவு என்று ஒன்றைக் கேட்டால் 'ஹெச்' வையுங்கள், 30 சதவீதம் வரை அழுக்கானாலும் படிக்கும். சுற்றிலும் கோலம் வரைய ஆசைப்பட்டால் வரையுங்கள், ஆனால் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட்ட பிறகு. மூன்று மூலையில் இருக்கிற பெரிய சதுரங்களை மட்டும் எதனாலும் மறைக்காதீர்கள், அவற்றை வைத்துத்தான் கேமரா இது கோடு என்றே கண்டுபிடிக்கிறது. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிபாகங்களை அடையாளம் கண்டு கணக்கு வைப்பதற்காகச் செய்தது இது. தொழிற்சாலையில் எண்ணெய்க் கறை படிந்தாலும் படிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், உங்கள் கடைச் சுவருக்கும் தாங்கும்.

பணம் வாங்கும் கோடு பக்கத்தில் மட்டும் வேண்டாம். பெரியவர்கள் பணம் போடும் ஆப்பைத் திறந்து பாட்டுக் கோட்டைப் பிடிப்பார்கள், அது தப்பு என்று காட்டும், உங்களைக் கூப்பிடுவார்கள். மேலே 'பாட்டு' என்று பெரிதாக எழுதி, கீழே லிஸ்ட்டில் இருக்கும் ஏழெட்டுப் பாட்டின் முதல் வரியையும் எழுதுங்கள். ஸ்கேன் செய்யத் தெரியாதவரும் நின்று படிப்பார். கடையில் ஸ்பீக்கரில் போடுவதற்கு உரிமம் வாங்க வேண்டியது தனி விஷயம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பாட்டையே கோட்டுக்குள் வைக்க முடியாதா? எங்கள் பக்கம் சிக்னல் மோசம். (வள்ளியூர்)

பதில்: முடியாது. மிகப் பெரிய கோட்டில் 2,953 பைட்தான் அடங்கும். சாதாரண எம்பி3-யில் அது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது, பாட்டுக்காரர் வாய் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: போன மாதம் ஒட்டிய கோடு இப்போது திறக்கவில்லை, பணம் கட்டு என்கிறது. ஏன்? (பாளையங்கோட்டை)

பதில்: இந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. அக்கா மகள் கல்யாணத்துக்கு நாதஸ்வர லிஸ்ட் ஒன்று ஆசையாகத் தேர்ந்தெடுத்து, தாம்பூலப் பை அட்டையில் கோடு அச்சடித்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு பெரியம்மா போன் பண்ணி, 'ஏம்ல, ஒண்ணும் வரலியே' என்றார். இலவசமாகச் செய்து தந்த தளம், என் லிங்க்கை நேராக வைக்காமல் தன்னுடைய முகவரி ஒன்றை நடுவில் வைத்திருக்கிறது. இலவச நாள் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டது. அத்தனை அட்டையும் வீண். 'டைனமிக்' என்று சொல்வது இப்படி நடுவில் வேறு முகவரி வைத்த கோட்டைத்தான். நீங்கள் லிங்க்கையே நேராக வைக்கிற 'ஸ்டாட்டிக்' கோடு எடுங்கள், அதற்குக் காலாவதியே கிடையாது. குரோம் பிரவுசரில் லிஸ்ட்டைத் திறந்து, ஷேர் என்பதற்குள் போனால் அங்கேயே கியூஆர் கோடு செய்யலாம். ஸ்கேன் செய்ததும் போனில் தெரியும் முகவரி யூடியூப் பெயரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் சுடலை மாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து, பந்தலில் கோடு ஒட்டலாம் என்று விழாக் கமிட்டியில் பேச்சு. மும்பையில் இருக்கிற எங்கள் ஆட்களும் கேட்பார்கள். சரியா? (திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமம்)

பதில்: மனசுக்கு நிறைவாக இருக்கிறது, கட்டாயம் செய்யுங்கள். விடிய விடியப் பாடுகிற கதை ஒரே கோப்பாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். காப்பு, மாடன் பிறப்பு, கயிலாயத்தை விட்டு இறங்குவது என்று கதை திரும்புகிற இடங்களில் வெட்டி வரிசையாகப் போடுங்கள். மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைக்காதீர்கள், உடுக்கையும் குடமும் ஒன்றாகக் குழைந்து வார்த்தை கேட்காது. மேடையில் பாடுபவர் பக்கம் ஒரு தனி ரிக்கார்டர் வையுங்கள். கூட்டத்தில் சிக்னல் இருக்காது என்பதால் பந்தலை நம்பாமல், கோயில் வரி ரசீதின் பின்பக்கத்தில் கோட்டை அச்சடியுங்கள், வீட்டுக்குப் போய் நிதானமாகத் திறப்பார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் வில்லிசைக் குழுவிடம் கேளுங்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாடியவருக்குத் தன் நிகழ்ச்சி மேல் 50 வருடம் உரிமை உண்டு, நாம் சம்பளம் கொடுத்துவிட்டோம் என்பதால் பதிவு நமக்குச் சொந்தமாகிவிடாது. வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கிற அன்றைக்கே பேசி, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே பாடியவர், உடுக்கை அடித்தவர், குடம் அடித்தவர் பெயரையும், அடுத்த ஊர்க்காரர்கள் கூப்பிடுவதற்கு அவர்கள் சம்மதித்துத் தருகிற போன் நம்பரையும் போடுங்கள்.