மனிதனுக்குள் நாகரிகமும் காட்டுமிராண்டித்தனமும் மோதுவது ஏன்?

கோபம் வந்ததும் கை ஓங்குகிறது. அடுத்த நொடியே ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்த இழுபறிதான் இந்த மோதல். ஆபத்து என்றதும் பாயத் தூண்டுவது மூளையின் ஆழத்தில் உள்ள பகுதி. 'பொறு, விளைவை யோசி' என்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. அது முழுதாக முதிர ஏறத்தாழ 25 வயது ஆகிவிடும். வண்டியின் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் போலத்தான். தூக்கமின்மையும் போதையும் பிரேக்கைத் தளர்த்தும். கூட்டம் அதைவிட மோசம்: தனியாக ஒருவரை அறையக் கூசுகிறவர்கூட, கும்பலில் சேர்ந்ததும் கல்லெறிகிறார். கேட்டால், 'எல்லோரும்தானே செய்தார்கள்' என்பார்.

அப்புறம், படிப்பு வந்தால் வெறி போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. யூதர்களை அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைக்க 1942 ஜனவரியில் பெர்லினின் வான்சே பகுதி மாளிகையில் கூடிய, ஹிட்லரின் நாஜி ஆட்சியைச் சேர்ந்த 15 உயர் அதிகாரிகளில் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.