எழுதச் சிரமப்படும் பிள்ளைக்குக் குரல்வழித் தட்டச்சு பழக்கலாமா?

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு எழுதுவது பெரும் சிரமம். பேசினால் எழுத்தாக விழும் வசதியைப் பழக்கலாமா? சோம்பேறியாகிவிடுவாளா?

தாராளமாகப் பழக்குங்கள். அதே பயத்தில் நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன், இன்னும் வருத்தமாக இருக்கிறது.

என் மகனுக்கு டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு. நான்காம் வகுப்பில் அவனுடைய நோட்டின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து மேடு மேடாகக் கையில் தட்டும், அவ்வளவு அழுத்தி எழுதுவான். கடல்நீர் உப்பு, மழைநீர் ஏன் உப்பாக இல்லை என்று கேட்டால், "தண்ணி மட்டும்தாம்மா ஆவியாப் போகும், உப்பு அங்கேயே தங்கிடும்" என்று டக்கென்று சொல்வான். தாளில் "கடல் நீர் ஆவி" என்று மூன்றே சொல் இருக்கும். லகரமா ளகரமா, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தடுமாறுவதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். குரல்வழித் தட்டச்சு கைகொடுப்பது அந்த இடத்தில்தான்.

தமிழுக்கு இந்த வசதியை கூகுள் 2017-லேயே கொடுத்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனில் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டால் போதும். கணினி என்றால் குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங்.

ஆனால் நாம் பேசும் தமிழ் வேறு, பரீட்சைத் தமிழ் வேறு. "தங்கிடும்" என்று சொன்னால் அப்படியே விழும், சில சமயம் சம்பந்தமில்லாத சொல்லாக மாறும். "தங்கிவிடும்" என்று வாயால் சொல்லிப் பழக எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. முதலில் என்னிடம் பேச்சுவழக்கில் சொல்வான், அப்புறம் அதையே எழுத்துத் தமிழாக மாற்றி மைக்கில் சொல்வான். ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்திப் பார்ப்போம். புள்ளி, கமா எல்லாம் கையால்தான் போடுகிறோம். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகியவை, சின்னப் பிள்ளைகளின் குரலில் பிழை கூடுதலாக வரும். ஃபேன், மிக்சி சத்தம் இல்லாத அறையும் மைக் வைத்த சாதாரண இயர்போனும் நல்ல வித்தியாசம் காட்டின. உங்கள் மகளுக்கு வாசிப்பதிலும் சிரமம் என்றால், விழுந்த எழுத்தைப் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்கவிடுங்கள். கண் தவறவிடும் பிழையைக் காது பிடித்துவிடும்.

பரீட்சை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் வாங்கிவிட்டால், சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்றது. போனிடம் நிதானமாக, முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுபவரிடம் சொல்வதும் எளிது. என் மகனுக்கு இந்தப் பழக்கம் அங்கேதான் அதிகம் உதவியது.

கையெழுத்துப் பயிற்சியை நாங்கள் விடவில்லை, தினம் பத்து நிமிடம் நடக்கிறது. போன வாரம் மைக்கில் சொல்லி முடித்த பதிலைத் தானாகவே பார்த்து நோட்டில் எழுதினான், ஆறு வரி.