ஸ்பானிஷில் ‘டி’ வாங்கிய பையனுக்கு விலக்குக் கடிதம் வாங்கலாமா?

கேள்வி: கலிபோர்னியா ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். மகன் பத்தாவது. ஏழாவது வரை மதுரையில் படித்தவன். ஸ்பானிஷ் 1-ல் இரண்டு செமஸ்டரும் ‘சி’, ஸ்பானிஷ் 2-ல் முதல் செமஸ்டர் ‘டி’. டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) இருக்கிறது, பள்ளியில் 504 திட்டமும் (இப்படிச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குத் தரும் சலுகைகளின் திட்டம்) போட்டிருக்கிறார்கள். 1,500 டாலர் கொடுத்தால் மொழிப் பாடத்துக்கே விலக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு அட்மிஷன் கன்சல்டன்ட். டெக்சாஸில் இருக்கும் நாத்தனாரோ ஸ்பானிஷுக்குப் பதில் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தாலே போதும் என்கிறார். யூ.சி.யில் (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) சேர்க்க ஆசை. என்ன செய்யட்டும்?

பதில்: முதல் வேலையாக அந்தக் கன்சல்டன்ட்டின் நம்பரை போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால்கூடத் தேவலை. பள்ளியை முடிப்பது ஒரு கணக்கு, யூ.சி.யில் சேர்வது வேறு கணக்கு, இரண்டையும் குழப்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடிக்க கலிபோர்னியா மாநிலச் சட்டம் இரண்டு வருட வேற்றுமொழியைக் கேட்பதே இல்லை. கலை, வேற்றுமொழி, தொழிற்கல்வி மூன்றில் ஒன்றை ஒரு வருடம் படித்தால் சரி (உங்கள் பள்ளி மாவட்டம் கூடுதலாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள்). இல்லாத கட்டாயத்துக்கு விலக்கு வாங்கித் தர யாருக்கு என்ன கஷ்டம்? ஆனால் யூ.சி.யும் சி.எஸ்.யூ.வும் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) சேர்க்கைக்குக் கேட்கிற, ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை பிரித்த ஏ-ஜி பாடங்களில் ‘ஈ’ பிரிவு என்று ஒன்று இருக்கிறது: ஒரே மொழியில் இரண்டு வருடம், ‘சி’க்குக் குறையாமல். பள்ளி எழுதிக் கொடுக்கும் விலக்கு அவர்களைக் கட்டுப்படுத்தாது.

ஒரு குடும்பம் இப்படி வாங்கிய கடிதத்தை லேமினேஷன் போட்டு என்னிடம் கொண்டுவந்தது. பன்னிரண்டாவது படிக்கும்போது, அக்டோபர் மாதம். டிரான்ஸ்கிரிப்ட்டில் ‘ஈ’ பிரிவில் ஸ்பானிஷ் 1 மட்டும் ஒண்டியாக நிற்கிறது, விண்ணப்பத்துக்கு ஆறு வாரம்கூட இல்லை. அந்த அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாத்தனார் சொல்வது டெக்சாஸில் உண்மை. அங்கே மொழிக்கான கிரெடிட்டுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராமிங்கை ஏற்கிறார்கள், பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு. இங்கே ‘ஈ’ பிரிவில் பைதான் வராது.

இப்போது உங்கள் பையன். நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மொழிப் பாடத்தில் மேல் நிலையில் ‘சி’ வாங்கினால் கீழ் நிலையும் தேறியதாக எடுத்துக்கொள்வார்கள். ஸ்பானிஷ் 2-ன் இரண்டாம் செமஸ்டரில் ‘சி’ வாங்கிவிட்டால் முதல் செமஸ்டரின் ‘டி’யையும் அது மூடிவிடும், இரண்டு வருடம் முடிந்தது என்றுதான் அர்த்தம். இந்த எளிய விஷயத்தைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. பள்ளியில் வழிகாட்டும் கவுன்சிலர் ஒருவருக்கு 250 மாணவர் என்பது பரிந்துரை. எத்தனை பள்ளிகளில் அப்படி இருக்கிறது, சொல்லுங்கள். அந்த இடைவெளியில்தான் கன்சல்டன்ட்கள் கடை போடுகிறார்கள். ஆனால் ஒன்று, ‘டி’ மூடப்பட்டாலும் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) கணக்கில் இருக்கும். அது போக வேண்டுமானால் அந்தச் செமஸ்டரைக் கோடையில் திரும்பப் படித்து ‘சி’யாவது வாங்க வேண்டும்.

அந்த ‘சி’க்கு 504 திட்டத்தைப் பயன்படுத்துங்கள். கூடுதல் நேரம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எழுத்துத் தேர்வுக்குப் பதில் வாய்மொழித் தேர்வு, எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காமை, இதையெல்லாம் கேட்கலாம். ‘நான் பேசுறேன், அவன் பேசுறான்’ என்று வினையைத் தானாக மாற்றிப் பேசும் பையனுக்கு ஸ்பானிஷில் அதே போல மாறும் ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா (பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான்) காதுக்குப் புரியாமல் போகாது. தாளில் எழுதும்போதுதான் சறுக்குகிறது.

அடுத்து மதுரை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப் குழுக்களில் பாதி பேர் தவறாகச் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பு அல்லது அதற்கு மேல், ஆங்கிலம் அல்லாத மொழியைப் *பயிற்று மொழியாகக்* கொண்ட பள்ளியில் இரண்டு வருடம் நல்லபடியாகப் படித்திருந்தால் யூ.சி.யின் மொழித் தேவை அதிலேயே தீர்ந்தது. பயிற்று மொழி என்றால் கணக்கும் அறிவியலும் தமிழில் நடந்திருக்க வேண்டும். மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக இருந்தது, நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினான் என்பதெல்லாம் இந்த விதிக்குள் வராது. ஊரில் பீஸ் கட்டி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவர்களுக்கு இல்லாத சலுகை, அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்த பையனுக்கு இருக்கிறது! உங்கள் மகன் எந்த மீடியம் என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ் மீடியம் என்றால் ஆறு, ஏழு இரண்டின் மதிப்பெண் பட்டியலையும் பள்ளிச் சான்றையும் இப்போதே வரவழையுங்கள், அதில் பயிற்று மொழி என்ற வரி இருக்கட்டும். இங்கிலீஷ் மீடியம் என்றாலும் வழி அடைபடவில்லை. அவன் தமிழ் பேசுவான், வாசிப்பான் என்பதைப் பல்கலைக்கழகத்தின் மொழித் துறை ஒன்று சோதித்துக் கடிதம் தரலாம் (பெர்க்லியில் தமிழ் கற்பிக்கிறார்கள்). வேறு வழி இல்லாதபோது பள்ளி பிரின்சிபலே சான்றளிக்கலாம். பேச்சு மட்டும் போதாது, வாசிப்பும் வேண்டும். டிஸ்லெக்சியா இருப்பதால் முதலில் வீட்டில் ஒரு பக்கம் வாசிக்க வைத்துப் பாருங்கள், நாளிதழாக இருக்கட்டும்.

இதுவும் சரிவராவிட்டால் அமெரிக்கச் சைகை மொழி. ‘ஈ’ பிரிவில் அதுவும் ஏற்கப்படும், எழுத்துக்கூட்டும் தொல்லை குறைவு, உங்கள் ஊரிலேயே ஓலோனி காலேஜில் கற்பிக்கிறார்கள். ஆனால் ஒரே மொழியில் இரண்டு வருடம் என்பதால் ஸ்பானிஷ் 1 அதற்குக் கணக்கில் சேராது, ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

‘ஆறே வாரத்தில் ஸ்பானிஷ் 2’ என்று விளம்பரம் வரும், விழுந்துவிடாதீர்கள். அக்ரெடிட்டட் (அங்கீகாரம் பெற்றது) என்று போட்டிருப்பார்கள், அது வேறு, ஏ-ஜி ஒப்புதல் வேறு. யூ.சி.யின் ஏ-ஜி பட்டியல் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது, அந்த நிறுவனத்தின் பெயரையும் பாடத்தின் பெயரையும் நீங்களே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் காசு கட்டாதீர்கள்.

இந்த வாரமே கவுன்சிலருக்கு ஈமெயில் அனுப்புங்கள், போன் வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். கேட்க வேண்டியது மூன்று: 504 கூட்டம் எப்போது, கோடையில் முதல் செமஸ்டரைத் திரும்ப எடுக்க முடியுமா, தமிழுக்குச் சான்று தர பிரின்சிபல் என்ன கேட்பார். பத்து நாளில் பதில் வராவிட்டால் அதே ஈமெயிலை பிரின்சிபலுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.