சம்பளம் வந்த மறுநாள் செய்ய வேண்டியது

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 30. பிடித்தம் போக மாதம் 34,000 ரூபாய் கைக்கு வந்தாலும் 20ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. கிரெடிட் கார்டில் 62,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையான 3,100 ரூபாயைத் தவறாமல் கட்டி வருகிறேன். 50 வயதுக்குமேல் யார் கையையும் எதிர்பாராமல் வாழ, எந்த மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரு தொகையைப் போடும் முறை) தொடங்கலாம்?

பதில்: ஃபண்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த 3,100 ரூபாயைப் பார்ப்போம். கார்டின் மாத வட்டி 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 62,000 ரூபாய்க்கு வட்டி 2,170; அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து ஏறத்தாழ 2,560 ரூபாய். ஆக, நீங்கள் கட்டும் பணத்தில் அசலில் கழிவது வெறும் 540 ரூபாய். பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். ஆண்டுக்கு 42 விழுக்காடு வட்டியை இங்கே கட்டிக்கொண்டு, உறுதியில்லாத 12 விழுக்காட்டை ஃபண்டில் தேடுவது கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கே ஒப்பாது.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து, கார்டு பாக்கியை ஒரே தவணையில் அடைத்துவிடுங்கள். ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்றால் முதல் மாத வட்டி 520 ரூபாயைத் தாண்டாது. மாதம் 5,500 ரூபாய் கட்டினால் ஓராண்டில் நகை திரும்பிவிடும். நகையை அடகு வைப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் கார்டு பாக்கியை அப்படி நினைப்பதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

கூடுதலாகத் தேவைப்படும் 2,400 ரூபாய் எங்கிருந்து வரும்? கடந்த மாத யு.பி.ஐ. பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படியுங்கள். பெரும்பாலும் 120, 180, 350 என்று போன சிறு தொகைகளிலேயே அது ஒளிந்திருக்கும். அதன்பின், சம்பளக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. இணைப்பை நீக்கிவிட்டு, செலவுக்கென இன்னொரு கணக்கை வைத்துக்கொண்டு, சம்பளம் வந்த மறுநாளே கடன் தவணையும் வாடகையும் போக மீதியை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பங்கை மட்டும் அதற்கு அனுப்புங்கள். 20ஆம் தேதித் தட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை. மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

நகை திரும்பிய மாதத்திலிருந்து அதே 5,500 ரூபாய் தொடர் வைப்புக்குப் போகட்டும். மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை அதைத் தொடாதீர்கள். பிறகு மாதாமாதம் அந்த 5,500 ரூபாயில் ஒரு பாதியை, அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப். கணக்கிலும், மறுபாதியைக் கட்டணம் குறைந்த நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டிலும் (பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்களில் பணம் போடும் ஃபண்ட்) போடலாம். பி.பி.எஃப். 15 ஆண்டுத் திட்டம். மாதத்தின் 5ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருக்கும் குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடப்படும் என்பதால், 5ஆம் தேதிக்குள் பணம் சேர்ந்துவிட வேண்டும். ஃபண்டின் மதிப்பு சில ஆண்டுகளில் இறங்கவும் செய்யும். அப்போது தவணையை நிறுத்தாதீர்கள்.

வேலை மாற நேர்ந்தால், சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2024-25ஆம் ஆண்டுக்கு அதன் வட்டி 8.25 விழுக்காடு, ஐந்தாண்டு தொடர் பணி முடியுமுன் எடுத்தால் பொதுவாக வருமான வரியும் விழும்.