கேளுங்கள், சொல்கிறோம்: ஏரி காத்த கோட்டை

கேள்வி: ஓசூரில் ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் பிரெட் கட்டிய கெனில்வொர்த் கோட்டையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு மாதிரியாக இருந்த அசல் கோட்டை எங்கே உள்ளது? மகன் வாரிக் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பட்டமளிப்புக்குப் போகும்போது பார்க்க முடியுமா? கிருஷ்ணகிரி மலைக்கோட்டை போல ஏற வேண்டியிருந்தால் முழங்கால் தாங்காது.
- வாசகி, ஓசூர்

பதில்: பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இங்கிலாந்தின் வாரிக்‌ஷயர் மாவட்டத்தின் கெனில்வொர்த் ஊரில். முதலில் ஓர் எச்சரிக்கை: வாரிக் பல்கலைக்கழகம் வாரிக் ஊரில் இல்லை, கோவென்ட்ரி நகரின் விளிம்பில் இருக்கிறது. பெயரை நம்பி வாரிக்கில் அறை போட்டுவிட்டு அலைபவர்கள் உண்டு. கோவென்ட்ரியிலோ கெனில்வொர்த்திலோ தங்குங்கள். கோவென்ட்ரியில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே கெனில்வொர்த் (2018-ல் மறுபடி திறந்த ஸ்டேஷன்). அங்கிருந்து கோட்டைக்கு அரை மணிக்குள் நடந்துவிடலாம்.

மலை ஏறும் வேலை இல்லை. கிருஷ்ணகிரிக் கோட்டைக்குச் செங்குத்துப் பாறைதான் காவல். 1791-ல் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படையே ஏற முடியாமல் திரும்பியது. கெனில்வொர்த்துக்குக் காவல் தண்ணீர். ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு, கோட்டையைச் சுற்றிப் பெரிய ஏரியைத் தேக்கியிருந்தார்கள். 1266-ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி ஜூன் முதல் டிசம்பர் வரை முற்றுகையிட்டார். செஸ்டரிலிருந்து படகுகளை வரவழைத்துத் தாக்கியும் பலிக்கவில்லை. கடைசியில் உள்ளே இருந்த கிளர்ச்சியாளர்களைப் பணிய வைத்தவை பசியும் நோயும்தான்.

17-ஆம் நூற்றாண்டில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிந்ததும் பாராளுமன்றத் தரப்பினர் சுவரை இடித்ததோடு ஏரியையும் வடித்துவிட்டார்கள். அதனால் இன்று போகிறவர்கள் புல்வெளியைப் பார்த்துவிட்டு, ‘இதில் என்ன பெரிய பாதுகாப்பு?’ என்று கேட்பார்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து உள்ளே போகும் நீண்ட மேடுதான் பழைய ஏரிக்கரை. ஏரிப் பாசன ஊர்க்காரர்களுக்குப் பார்த்ததுமே பிடிபடும். அதன் மேல் நின்று இடப்பக்கப் பள்ளம் முழுக்கத் தண்ணீர் நிற்பதாக நினைத்துக்கொண்டு கோட்டையைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 1575-ல் கோட்டையின் சொந்தக்காரர் ராபர்ட் டட்லி, அரசி முதலாம் எலிசபெத்துக்கு 19 நாள் விருந்து வைத்தது இங்கேதான். அந்தக் காலத்துப் பாணியில் மறுபடி அமைத்த தோட்டமும் உண்டு.

கோட்டையைப் பராமரிப்பது இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற பாரம்பரியச் சின்ன அமைப்பு. வெளிநாட்டினருக்கு அவர்கள் தரும் 9 நாள், 16 நாள் பாஸ் இங்கே செல்லும். வாரிக் ஊரில் உள்ள வாரிக் கோட்டை தனியார் கையில் இருப்பதால் அங்கே செல்லாது. அங்கே போவதானால் முன்கூட்டியே ஆன்லைனில் டிக்கெட் எடுத்தால் விலை குறையும். குளிர்காலப் பட்டமளிப்பு என்றால் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்; டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும்.

கேள்வி: மல்லசந்திரம் கல்திட்டைகள் (கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச் சின்னங்கள்) போல கெனில்வொர்த் பக்கமும் ஏதாவது உண்டா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ரோல்ரைட் கற்கள் உண்டு. 70-க்கும் மேற்பட்ட சுண்ணாம்புக் கற்கள், சுமார் 30 மீட்டர் அகலத்தில் வட்டமாக நிற்கின்றன. ஆனால் மல்லசந்திரத்தோடு ஒப்பிட வேண்டியது அந்த வட்டத்தை அல்ல. சில நூறு மீட்டர் தள்ளிச் சாய்ந்து நிற்கும் ஐந்து கற்கள்தான் பழைய கல்திட்டையின் மிச்சம். வட்டத்தை விடவும் பழையது. பலர் வட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். வட்டம் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், சாலைக்கு எதிர்ப்புறம் தனியாக நிற்கும் ராஜா கல் வாரிக்‌ஷயரில். ரயில் கிடையாது, கார் வைத்துக்கொண்டால்தான் ஆகும்.