பழைய ஆர்பிஜி விளையாட்டுகளின் ஆழம்: வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

காட்பாடி: பழைய ஆர்பிஜி விளையாட்டுகளில் (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கணினி விளையாட்டுகளில்) சுற்றித் திரிந்து கண்டுபிடிக்க இருந்த அளவு இன்றைய விளையாட்டுகளில் இல்லை என்கிறீர்கள், ஐயா. காரணம் என்ன?

பதில்: முதற்காரணம் பணம். 2002-இல் வந்த மோரோவிண்டில் பாத்திரங்களின் பேச்சு பெரும்பாலும் எழுத்தாகவே இருந்தது. எழுத்துக்குச் செலவு குறைவு என்பதால், எவரும் எட்டிப் பார்க்காத குடிசையில் இருப்பவனுக்கும் வசனம் எழுதிவைக்க முடிந்தது. அதே பெதஸ்தா நிறுவனம் 2006-இல் ஒப்லிவியனில் எல்லா வசனங்களுக்கும் குரல் கொடுத்தபோது, ஒவ்வொரு வரிக்கும் நடிகரும் ஒலிப்பதிவும் தேவைப்பட்டதால் பேச்சு சுருங்கியது. செலவழித்துச் செய்ததை ஆடுபவர் பார்க்காமல் போய்விடுவாரோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ள, திரையிலுள்ள திசைகாட்டியில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி முளைத்தது.

மோரோவிண்டில் அம்புக்குறி கிடையாது. ஆற்றோரமாக வடக்கே போ, பாலம் தாண்டி இடப்பக்கப் பாதையைப் பிடி என்ற வகையில் யாராவது சொல்வார்கள், அது நாட்குறிப்பில் பதியும், மிச்சம் உங்கள் பாடு. அமிர்திக்கு வழி தெரியாதவர் டீக்கடையில் விசாரித்துக்கொண்டே போவதைப் போன்றது அது. சொன்ன வழி சில இடங்களில் தப்பாகவும் இருக்கும்.

ஆட்டம் தொடங்கும் செய்டா நீன் ஊரை விட்டுச் சற்றுத் தூரம் நடந்தால், வானத்திலிருந்து ஒருவன் அலறிக்கொண்டே விழுந்து சாவான். அவன் உடலைச் சோதித்தால், தாவும் ஆற்றலைப் பன்மடங்காக்கும் மந்திரச் சுருள்கள் மூன்று கிடைக்கும். ஒன்றைப் படித்துத் தாவினால் வெகுதூரம் பறக்கலாம், ஆனால் சில நொடிகளில் ஆற்றல் தீர்ந்துவிடுவதால் இறங்கும்போது அவன் கதிதான் உங்களுக்கும். தரையைத் தொடுமுன் இன்னொரு சுருளைப் படித்தால் பிழைக்கலாம் என்பதை நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே வழிகாட்டிக் காணொளிகளைத் திறக்காதீர்கள்.

ராணிப்பேட்டை: புதிதாக ஆடுபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 1997-இல் வந்த ஃபால்அவுட்டிலிருந்து. அளவில் சிறியது. 150 நாள்களுக்குள் நிலவறையில் வாழும் மக்களின் குடிநீர் இயந்திரத்துக்கான மின்னணுச் சில்லைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கெடுவைத் தவிர வேறு நெருக்கடி தொடக்கத்தில் இல்லை. பாத்திரத்தை உருவாக்கும்போது அறிவுத்திறனை மிகக் குறைவாக வைத்துப் பாருங்கள், உங்கள் ஆளால் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேச முடியாது, எதிரில் இருப்பவர்களும் அதற்கேற்பவே நடத்துவார்கள். காணொளி பார்த்துவிட்டு ஆடினால் இதெல்லாம் வீண்.

குடியாத்தம்: என்னிடம் கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் இருக்கிறது. ஃபால்அவுட் ஓடுமா?

பதில்: ஓடும்.

ஆம்பூர்: மோரோவிண்டில் கதைக்குத் தேவையான ஒருவரைக் கொன்றுவிட்டேன். ஏதோ செய்தி வந்தது. ஆட்டம் முடிந்ததா?

பதில்: முடியவில்லை. விதியின் இழை அறுந்தது, முன்பு சேமித்துவைத்த ஆட்டத்துக்குத் திரும்பு, இல்லையேல் நீயே கெடுத்த உலகில் தொடர்ந்து இரு என்பதே அந்தச் செய்தியின் சாரம். ஒப்லிவியனில் இத்தகையவர்கள் அடிபட்டு மயங்கி, பிறகு எழுந்துவிடுவார்கள்.

வாணியம்பாடி: ஆழம் என்பது வெறும் நினைவு மயக்கம். அன்று விடுமுறை நீளம், கையில் இருந்ததோ ஒரே சிடி. குழப்பமான விதிகளையும் ஆழம் என்று போற்றுகிறீர்கள்.

பதில்: பாதி சரி. 1998-இன் பால்டர்ஸ் கேட்டில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும், அது குழப்பமே தவிர ஆழமன்று. 1996-இன் டேகர்ஃபாலில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு, ஆனால் பெரும்பாலானவை கணினியே கோத்தவை என்பதால் பத்துக் குகைகளைப் பார்த்தவருக்குப் பதினோராவது தேவையில்லை. மறுபாதியை ஏற்க மாட்டேன். 1992-இன் அல்டிமா 7-இல் மாவையும் நீரையும் சேர்த்துப் பிசைந்து அடுப்பிலிட்டு ரொட்டி சுடலாம், கதைக்கு அது தேவையே இல்லை. 2001-இன் காதிக்கில் வரைபடத்தையே காசு கொடுத்து வாங்க வேண்டும், காட்டுக்குள் முன்யோசனையின்றிப் போனால் சாவுதான். ஒப்லிவியனிலோ நீங்கள் வளர வளர வழிப்பறிக்காரனும் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து நிற்பான். எங்கே போனாலும் எதிரி உங்கள் அளவுக்கே இருப்பான் என்றால் எங்கே போனால் என்ன?

சத்துவாச்சாரி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2023-இன் பால்டர்ஸ் கேட் 3 முழுக்கக் குரலோடு வந்தது, தவறவிடக் கூடியவையும் அதில் ஏராளம். உங்கள் பணக் கணக்கு பொய்க்கிறதே?

பதில்: நல்ல கேள்வி. அதை உருவாக்கிய லாரியன் நிறுவனம் தானே வெளியிட்டது. முதற்பகுதியை 2020 அக்டோபரிலிருந்தே விற்று, ஆடியவர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டே வந்தது. வெளியீட்டாளர் ஒருவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிராத நிறுவனம் துணிந்து செய்ததை மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது கடினம். 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியத்தைப் பாருங்கள்: முதலில் ஒரு பகுதி வசனத்துக்கே குரல், முழுக் குரலும் 2021-இல்தான் சேர்ந்தது. எழுத்து முன்னே போயிற்று, செலவு பின்னே வந்தது.

ஆற்காடு: எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: பாலாற்றைத் தாண்டி ராணிப்பேட்டைக்காரரிடம் கேளுங்கள்.

திருப்பத்தூர்: போனில் ஆட நல்ல ஆர்பிஜி?

பதில்: அது என் துறையன்று.

வாணியம்பாடி: கடைசியாக ஒன்று. பெதஸ்தாவின் பிற்கால விளையாட்டான ஸ்கைரிமில் அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடினால் போதாதா?

பதில்: போதாது. அம்புக்குறி இருக்கும் என்று நம்பியே பெரும்பாலான வசனங்களை எழுதியிருக்கிறார்கள். வேலை கொடுப்பவர் இடத்தின் பெயரைச் சொல்வார், எந்தப் பக்கம், எந்த மலைக்குப் பின்னால் என்று சொல்ல மாட்டார். வழி சொல்லும் வசனங்களைச் சேர்க்கும் மாட்கள் (ஆடுபவர்களே செய்த மாற்றக் கோப்புகள்) உண்டு, அவற்றைப் போட்டுக்கொண்டு அணைத்தால் ஓரளவு பயன் கிடைக்கும்.

போளூர்: மோரோவிண்டுக்கு நல்ல வழிகாட்டிக் காணொளி ஏதேனும்?

பதில்: தர மாட்டேன்.