லாஸ் வேகஸில் டீலர் ஆடிஷன்

பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் பயிற்சி முடித்தும், லாஸ் வேகஸ் கேசினோக்களில் டீலர் (மேசையில் சீட்டுப் போடுபவர்) வேலைக்கான இரண்டு ஆடிஷனில், அதாவது செய்து காட்டும் தேர்வில், உங்களைக் கழித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சீட்டுப் போடும் வேகத்தை விடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லுகளில்தான். சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100 டாலர். பார்க்காமலே ஐந்தைந்தாகப் பிரித்து வைக்க விரல் பழக வேண்டும். ஆட்டக்காரருக்கு பிளாக்ஜாக் (ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும்) விழுந்தால், 3:2 கணக்கில் (2 டாலருக்கு 3 டாலர்) 35 டாலர் பந்தயத்துக்கு 52.50 என்று யோசிக்காமல் வாயில் வர வேண்டும். மேசையை விட்டு நகரும்போது கையில் எதுவும் இல்லை என்று தெரிய இரு உள்ளங்கைகளையும் கேமராவுக்கு விரித்துக் காட்டுங்கள். இதை மறந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பலனில்லை.

ஸ்ட்ரிப் என்ற முக்கியச் சாலையின் பெரிய கேசினோக்கள் பிறகு. டவுன்டவுனிலும் (நகரின் பழைய மையப் பகுதி), உள்ளூர்க்காரர்கள் போகும் சின்ன கேசினோக்களிலும் முதலில் வேலை கேளுங்கள். கிராப்ஸ் என்ற பகடையாட்டமும் கற்றால் (கஷ்டம்தான்) வாய்ப்பு கூடும். சம்பளம் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே இருக்கும், பிழைப்பு டிப்ஸில். அதையும் பல இடங்களில் பொதுவில் போட்டுப் பிரிப்பார்கள்.